ஐம்பது கிராம் நேர்மை

தள்ளுவண்டியிலோ மளிகைக் கடையிலோ ஒரு கிலோ தக்காளி வாங்கி வருகிறவர், அது ஒரு கிலோதானா என்று வீட்டுக்கு வந்து நிறுத்துப் பார்ப்பதில்லை. நிறுத்துப் பார்ப்பதற்குப் பெரும்பாலான வீடுகளில் தராசும் கிடையாது. கடைக்காரர் காயைத் தட்டில் வைத்தார், ஏதோ ஓர் எண் தெரிந்தது, பையில் கொட்டினார், பணம் கொடுத்தோம் என்பதோடு காரியம் முடிந்துவிடுகிறது. அந்த அரை நிமிடத்துக்குள் ஒருவர் மற்றவரைச் சோதிக்காமல் நம்பியிருக்கிறார்; நம்பப்பட்டவர் அந்த நம்பிக்கைக்கு உண்மையாக நடந்தாரா என்பது அவர் ஒருவருக்குத்தான் தெரியும். அன்றாடச் சின்னக் காரியங்களில் நேர்மை என்றால் என்ன என்பதை விளங்கிக்கொள்ள இதைவிடத் தெளிவான இடம் வேறு இல்லை என்பது என் எண்ணம். ஆகவே இந்தக் கட்டுரை நேர்மையைப் பொதுவாகப் புகழ்ந்துகொண்டிராமல், எடையிலும் அளவிலும் அது எப்படி இயங்குகிறது என்பதை மட்டும் எடுத்துக்கொள்கிறது.

கிலோவுக்கு 50 கிராம் குறைந்தால் வாங்குபவருக்கு என்ன நட்டம்? தக்காளி கிலோ 40 ரூபாய் என்றால் 2 ரூபாய். அந்த 2 ரூபாய்க்காக யாரும் கடைக்குத் திரும்பி நடப்பதில்லை. புகார் எழுதப் போனால் பேருந்துக் கட்டணமே அதைவிட அதிகமாகும். இதையே கடைக்காரர் பக்கம் நின்று கணக்கிட்டால் வேறு தொகை வரும். ஒரு நாளில் 200 கிலோ விற்கும் கடையில், ஒவ்வொரு கிலோவிலும் 50 கிராம் பிடித்துவைத்தால் மாலைக்குள் 10 கிலோ மிச்சமாகும். அது 400 ரூபாய். மாதத்தில் 25 நாள் கடை திறந்தால் 10,000 ரூபாய். நட்டம் நூற்றுக்கணக்கான வீடுகளுக்குச் சிதறிப் போவதால் எந்த வீட்டிலும் அது நட்டமாகத் தெரிவதில்லை. ஆதாயம் மட்டும் ஒரே கல்லாப்பெட்டியில் சேர்கிறது.

சின்னக் காரியங்களின் தனித்தன்மை இதில் அடங்கியிருக்கிறது. எதிரே இருப்பவருக்கு உண்மை தெரிய வழியில்லை. தெரிந்தாலும் அதைத் தொடர்ந்து போய் நியாயம் கேட்பது கட்டுப்படியாகாது. அதே காரியம் நாள்தோறும் பலமுறை நடக்கிறது. இவை ஒன்றுசேரும் இடத்தில் சட்டத்தின் கை மிகக் குறைவாகவே எட்டுகிறது. ஒரு மனையை விற்கும்போது பத்திரம் இருக்கிறது, சாட்சிகள் இருக்கிறார்கள், சார்பதிவாளர் இருக்கிறார், வில்லங்கச் சான்றிதழ் இருக்கிறது. ஒருவர் ஏமாற்ற நினைத்தாலும் அவரைத் தடுக்க நான்கு பக்கமும் வேலி உண்டு. தக்காளிக்கு அப்படி எதுவும் இல்லை. மனிதருடைய நேர்மை பெரிய சோதனைகளில்தான் வெளிப்படும் என்று நாம் சொல்லிப் பழகியிருக்கிறோம். ஆனால் பெரிய காரியங்களில் வெளிப்படுவதில் பாதி வேலியின் வேலை. வேலி இல்லாத இடத்தில் ஒருவர் என்ன செய்கிறார் என்பதைத் தராசுத் தட்டில்தான் பார்க்க முடிகிறது.

ஒரு கிலோ எப்படி ஒரு கிலோ ஆகிறது

நேர்மை வெறும் மனம் சார்ந்தது என்று எண்ணுகிறவர்கள் ஒன்றைக் கவனிப்பதில்லை. கடைக்காரர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும், அவருடைய படியும் என்னுடைய படியும் வேறு வேறு அளவாக இருந்தால், அவர் தலைதட்டி அளந்து கொடுத்தபின்னும் எனக்குக் குறையாகத்தான் தோன்றும். ஆழாக்கு, உழக்கு, நாழி, மரக்கால், கலம் என்று முகத்தலளவையும், பலம், சேர், வீசை, மணங்கு என்று நிறுத்தலளவையும் புழங்கிய காலத்தில் ஓரூர்ப் படியும் அடுத்த ஊர்ப் படியும் ஒத்துப்போக வேண்டிய கட்டாயம் இல்லை. அத்தகைய இடத்தில் ஏமாற்றியது எது, வழக்கத்தால் வந்த வேறுபாடு எது என்று பிரிக்கவே முடியாது. ஆகவே நேர்மைக்கு முன்பாக, எல்லாரும் ஒப்புக்கொண்ட ஓர் அளவு வேண்டும்.

இந்தத் தேவையைத் தமிழ்நாடு நெடுங்காலமாகவே அறிந்திருந்தது. முதலாம் இராசராசன் கட்டிய தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டுகள் கொடைகளைப் பட்டியலிடும்போது, இவ்வளவு பொன் என்று சொல்வதோடு நிறுத்திக்கொள்வதில்லை. ‘ஆடவல்லான்’ என்னும் கல்லால் நிறுத்த பொன் என்றும், ‘தட்சிணமேரு விடங்கன்’ என்னும் கல்லால் நிறுத்த மணி என்றும் எந்த எடைக்கல்லால் நிறுத்தார்கள் என்பதையும் பெயரோடு எழுதிவைக்கின்றன. நெல்லை அளந்த மரக்காலுக்கும் ‘ஆடவல்லான்’ என்றே பெயர். அது ‘ராஜகேசரி’ என்னும் மரக்காலுக்கு ஒப்பானது என்ற விளக்கத்தையும் கல்வெட்டே தருகிறது. கொடுத்தவர் மன்னராகவும் பெற்றவர் இறைவனாகவும் இருந்தபோதுகூட, எந்தக் கல்லால் நிறுத்தது என்ற கேள்வியை அவர்கள் அவமதிப்பாகக் கருதவில்லை. கோயில் சுவர்களில் நிலம் அளக்கும் கோலின் நீளத்தைச் செதுக்கி வைத்திருப்பதையும் பல ஊர்களில் காணலாம். சந்தேகம் வந்தால் யாரும் போய் ஒப்பிட்டுப் பார்க்கக்கூடிய பொது இடத்தில் அளவு இருந்தது என்பதுதான் அதன் பொருள்.

இன்று அந்தச் சுவரின் வேலையைச் செய்வது ஒரு நீண்ட சங்கிலி. எடையளவுத் தரநிர்ணயச் சட்டம் 1956இல் வந்து, 1958 அக்டோபர் முதல் மெட்ரிக் எடைகள் படிப்படியாகப் புழக்கத்துக்கு வந்தன. இப்போது நடப்பில் இருப்பது 2009ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவுச் சட்டம், 2011 ஏப்ரல் முதல் செயலில் உள்ளது. பிரான்சில் பாதுகாக்கப்பட்ட பிளாட்டினம்–இரிடியம் உருளை ஒன்றே 1889 முதல் உலகத்துக்கெல்லாம் கிலோவாக இருந்தது. அதன் அதிகாரபூர்வமான நகல்களுள் 57ஆம் எண் கொண்டது புது தில்லியின் தேசிய இயற்பியல் ஆய்வகத்தில் இருக்கிறது. 2019 மே 20 முதல் கிலோவை அந்த உருளையால் வரையறுக்காமல் பிளாங்க் மாறிலி என்னும் இயற்கை மாறிலியைக் கொண்டு வரையறுக்கிறார்கள். தேசிய ஆய்வகத்திலிருந்து பெங்களூரு போன்ற நகரங்களில் உள்ள வட்டாரத் தர ஆய்வகங்களுக்கும், அங்கிருந்து மாநிலத்தின் தர எடைகளுக்கும், அவற்றிலிருந்து ஆய்வாளர் கையில் உள்ள எடைகளுக்கும், இறுதியாகத் தெருமுனைக் கடையின் தராசுக்கும் அந்த ஒரு கிலோ படிப்படியாக ஒப்பிட்டு இறக்கப்படுகிறது. தமிழ்நாட்டில் இந்த ஒப்பீட்டைச் செய்து முத்திரை இடுவது தொழிலாளர் துறை. இரும்பு எடைக்கற்களுக்கும் தண்டுத் தராசுக்கும் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறையும், மின்னணுத் தராசுக்கு ஆண்டுக்கு ஒருமுறையும் மறுமுத்திரை வேண்டும்.

இந்தச் சங்கிலியில் விஞ்ஞானிகள் இருக்கிறார்கள், அதிகாரிகள் இருக்கிறார்கள், ஆவணங்கள் இருக்கின்றன. கடைசிக் கண்ணியில் மட்டும் ஒரு மனிதரின் கை இருக்கிறது.

கை என்ன செய்யும்

பழைய தண்டுத் தராசில் நடந்தவை பலருக்கும் தெரியும். தட்டின் அடியில் புளி ஒட்டுவது, எடைக்கல்லின் அடியைக் குடைவது, படியின் அடிப்பாகத்தை உட்பக்கமாகத் தட்டிவிடுவது ஆகியவை கருவியைக் கெடுக்கும் முறைகள். ஆய்வாளர் வந்தால் இவை பிடிபட்டுவிடும். கருவியைத் தொடாமலே செய்வதுதான் கெட்டிக்காரத்தனம். காயைத் தட்டில் மெதுவாக வைக்காமல் சற்று உயரத்திலிருந்து போட்டால், விழுந்த வேகத்தில் தட்டு சடக்கென்று தாழும். முள் நடுவுக்கு வந்து நிலைகொள்வதற்குள் தட்டைத் தூக்கிப் பையில் கவிழ்த்துவிட்டால், தாழ்ந்ததை மட்டுமே வாங்குபவரின் கண் பார்த்திருக்கும். தராசு உண்மையானது, கல் உண்மையானது, முத்திரையும் உண்மையானது. பொறுமையின்மை ஒன்றே பொய்.

மின்னணுத் தராசு வந்தபின் இது ஒழியும் என்று எதிர்பார்த்தோம். எண் மின்னுவதால் நம்பிக்கை கூடியது உண்மை. ஆனால் தட்டின்மேல் எதுவும் இல்லாதபோது அது சுழியத்தைக் காட்டுகிறதா என்று எத்தனை பேர் பார்க்கிறோம்? காய் அள்ளிப் போடும் பேசினையோ தட்டையோ வைத்து, அதன் எடையைக் கழிக்கும் டேர் என்ற பொத்தானை அழுத்தியபின் காயைப் போட வேண்டும். அழுத்த மறந்தால் பேசினும் தக்காளி விலைக்குப் போகும். மறந்ததா, மறந்ததுபோல் இருந்ததா என்பதை வெளியே நிற்பவர் அறிய முடியாது. வாங்குபவருக்கு எண் தெரியாதபடி தராசின் முகப்பை உட்பக்கம் திருப்பி வைத்திருக்கும் கடைகளும் உண்டு. அங்கே எண் இருந்தும் பயனில்லை.

இனிப்புக் கடைதான் இதற்கு மிக நல்ல பாடம். தீபாவளிக்கு முந்தைய நாள் கூட்டத்தில், வெற்று அட்டைப் பெட்டியைத் தராசில் வைத்து, அதற்குள் மைசூர்பாகை அடுக்கி, அரை கிலோ காட்டியதும் மூடி கட்டிக் கொடுப்பார்கள். பெட்டி 60 கிராம் என்றும் இனிப்பு கிலோ 480 ரூபாய் என்றும் வைத்துக்கொண்டால், அட்டைக்கு ஏறத்தாழ 29 ரூபாய் கொடுத்திருக்கிறோம். அதே அட்டையைத் தனியாக விற்றால் அந்த விலைக்கு யாரும் வாங்க மாட்டார்கள். பொருளின் நிகர எடைக்கே விலை வாங்க வேண்டும் என்பது விதி. பெட்டியை வைத்து டேர் அழுத்தினால் முடிந்தது, ஒரு விநாடி வேலை. பெட்டிக்குத் தனியாக 5 ரூபாய் என்று பலகையில் எழுதி வைக்கும் கடைக்காரரை நான் மதிக்கிறேன். அவர் அதிகம் வாங்குவதுபோல் தோன்றினாலும், எதற்கு வாங்குகிறார் என்பதை மறைக்கவில்லை.

இவ்விடத்தில் கொசுறைப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. காய் வாங்கியபின் ஒரு கொத்துக் கறிவேப்பிலையும் இரண்டு பச்சை மிளகாயும் சும்மா போட்டுக் கொடுப்பது நம் ஊரின் அழகான வழக்கம்; அதில் உறவு இருக்கிறது, மரியாதை இருக்கிறது. ஆனால் எடையில் 50 கிராம் குறைத்துவிட்டுக் கொசுறு கொடுப்பவரிடமிருந்து நாம் மகிழ்ச்சியோடு திரும்புகிறோம். சரியாக நிறுத்துக் கொசுறு கொடுக்காதவரைக் கஞ்சன் என்கிறோம். கண்ணுக்குத் தெரியும் தாராளம், கண்ணுக்குத் தெரியாத கணக்கை எளிதாக மூடிவிடுகிறது. அன்பாகப் பேசுவதும் நேர்மையாக நடப்பதும் ஒரே மனிதரிடம் இருக்கலாம், இல்லாமலும் போகலாம். ஒன்றைப் பார்த்து மற்றதை முடிவு செய்வதுதான் வாங்குபவர் செய்யும் பெரிய தவறு.

பிழையும் ஏமாற்றும்

தராசில் வரும் வேறுபாடு எல்லாம் ஏமாற்று என்று எண்ணுவதும் நியாயமாகாது. எந்தக் கருவியும் முற்றிலும் துல்லியமாக இருக்க முடியாது. சட்டமே அதை ஏற்றுக்கொண்டு, எவ்வளவு பிழை பொறுக்கத்தக்கது என்று வரம்பு வைத்திருக்கிறது. பெட்ரோல் நிலையத்தில் 5 லிட்டர் முத்திரை அளவையில் பிடித்துப் பார்க்கும்போது 25 மில்லிலிட்டர் வரை கூடவோ குறையவோ இருக்கலாம். 500 கிராமுக்கு மேல் 1 கிலோ வரையிலான பொட்டலம் ஒவ்வொன்றிலும் 15 கிராம் வரை பிழை அனுமதிக்கப்படுகிறது. இதைப் படித்தவுடன், எல்லாப் பொட்டலத்திலும் 15 கிராம் குறைத்துக்கொள்ளலாமே என்று ஒரு கெட்டிக்கார முதலாளிக்குத் தோன்றக்கூடும். அதற்கும் விதியில் விடை இருக்கிறது: சோதனைக்கு எடுத்த பொட்டலங்களின் சராசரி, அட்டையில் அச்சிட்ட எடைக்குக் குறையக் கூடாது. ஒன்றில் 10 கிராம் குறைந்தால் இன்னொன்றில் கூடியிருக்க வேண்டும்.

நேர்மையைப் பற்றி எந்த நீதி நூலும் இவ்வளவு சுருக்கமாகச் சொல்லவில்லை என்று நான் சில வேளைகளில் நினைப்பதுண்டு. பிழை இரண்டு பக்கமும் சாயும். ஏமாற்று ஒரே பக்கம்தான் சாயும். ஆகவே ஒருவர் நேர்மையானவரா என்பதை அவர் தவறே செய்யாதவரா என்று கேட்டு அறிய முடியாது. அவருடைய தவறுகள் எந்தப் பக்கம் விழுகின்றன என்று பார்க்க வேண்டும். சில்லறை கொடுப்பதில் சில நேரம் 10 ரூபாய் கூடுதலாகவும் சில நேரம் குறைவாகவும் கொடுத்துவிடும் கடைக்காரர் கவனக்குறைவானவர். எப்போதும் குறைவாக மட்டுமே கொடுத்து, கேட்டால் “அட, கவனிக்கலீங்க” என்று சிரித்தபடி மீதியை எடுத்து நீட்டுகிறவர் கவனக்குறைவானவர் அல்லர். அவர் மிகவும் கவனமானவர். இந்த அளவுகோலைக் கடைக்காரர்மீது மட்டும் வைப்பதும் சரியல்ல. அலுவலகத்தில் வந்த நேரத்தைக் குறிக்கும்போது 9.10ஐ 9.00 என்று எழுதும் கை, போகும் நேரம் 5.50ஐ 5.40 என்று ஒருநாளும் எழுதுவதில்லை என்பதையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

நேர்மையானவருக்கு என்ன நேர்கிறது

சின்ன ஏமாற்றால் வாங்குபவருக்கு 2 ரூபாய் நட்டம் என்று மேலே கணக்கிட்டோம். உண்மையான நட்டம் அதுவன்று. ஒரே தெருவில் இரண்டு வண்டிகள் நிற்கின்றன என்று வைத்துக்கொள்வோம். இருவரும் ஒரே மொத்தச் சந்தையில் ஒரே விலைக்கு எடுத்து வந்தவர்கள். ஒருவர் 1,000 கிராமை ஒரு கிலோ என்று 40 ரூபாய்க்கு விற்கிறார். மற்றவர் 900 கிராமை ஒரு கிலோ என்று 37 ரூபாய்க்கு விற்கிறார். கிராம் கணக்கில் பார்த்தால் இரண்டாமவரே விலை அதிகம் வாங்குகிறார். அவருடைய 900 கிராமுக்கு முதலாமவரின் விலைப்படி 36 ரூபாய்தான். ஆனால் பலகையில் தெரிவது 40ம் 37ம் மட்டுமே. கூட்டம் 37 ரூபாய் வண்டியில் நிற்கும். முதலாமவர் சில வாரங்கள் தாக்குப்பிடிப்பார். பிறகு தாமும் 900 கிராமுக்கு இறங்குவார் அல்லது வண்டியை வேறு தெருவுக்குத் தள்ளிக்கொண்டு போவார். அந்தத் தெருவில் இனி முழுக் கிலோ கிடைக்காது.

தரத்தை வாங்குபவர் அறிய முடியாத சந்தையில் மட்டமான பொருள் நல்ல பொருளை வெளியே தள்ளிவிடும் என்பதைப் பொருளியல் அறிஞர் ஜார்ஜ் அக்கர்லாஃப் 1970இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையில் விளக்கினார். 2001ஆம் ஆண்டு பொருளியலுக்கான நோபல் பரிசைப் பெற்ற மூவருள் அவரும் ஒருவர். நேர்மையின்மையின் விலை என்பது ஏமாந்தவர் இழந்த தொகை மட்டுமன்று, நேர்மையான வணிகம் அங்கிருந்து விரட்டப்படுவதால் வரும் இழப்பையும் அதோடு சேர்க்க வேண்டும் என்பது அவருடைய வாதம். பழைய கார்ச் சந்தையை வைத்து அதை விளக்கிய அவர், அதே கட்டுரையில் நமக்கு நன்கு பழக்கமான ஒன்றையும் குறிப்பிடுகிறார்: கடைத்தெருவில் வாங்கும் அரிசியில், அதே நிறத்திலும் வடிவத்திலும் வேண்டுமென்றே கலக்கப்பட்ட கற்களை இல்லத்தரசிகள் பொறுக்க வேண்டியிருக்கிறது என்று.

முறத்தில் அரிசியைப் பரப்பிக் கல் பொறுக்கிய தலைமுறைக்கு அதை விளக்க வேண்டியதில்லை. வெளிச்சம் விழும் திண்ணையில் உட்கார்ந்து, அரிசியை விரலால் ஒதுக்கி ஒதுக்கி, வெள்ளைக் கல்லைக் கண்டுபிடித்து வாசலில் எறிந்துகொண்டே போக வேண்டும். ஒன்று தப்பினாலும் சாப்பாட்டில் பல்லில் கடிபடும். ஒவ்வொரு வீட்டிலும் யாரோ ஒரு பெண், பெரும்பாலும் பாட்டியோ அம்மாவோ, இதற்குச் செலவிட்ட நேரத்தை எந்தக் கணக்கிலும் யாரும் எழுதவில்லை. அரிசி ஆலையிலோ மண்டியிலோ ஒரு கை கலந்த கல்லுக்கு, அந்தக் கையைப் பார்த்தேயிராத ஒரு பெண்ணின் பொழுது விலையாகப் போனது. நம்பிக்கை இல்லாத இடத்தில் ஒவ்வொருவரும் மற்றவரைச் சரிபார்க்கச் செலவிடும் உழைப்பு இதுதான். பாலில் தண்ணீரைக் கண்டுபிடிக்கும் பால்மானி, நகையின் தூய்மைக்கு 916 என்ற குறி, பெட்ரோல் நிலையத்து 5 லிட்டர் அளவை என்று நாம் ஏற்படுத்திக்கொண்டவை எல்லாம் நல்லவைதான். ஆனால் அவற்றுக்கான செலவு முழுவதும் விலையில் ஏறி நம்மிடமே வருகிறது.

வாங்கும் பக்கத்திலும் ஒரு தராசு

இதுவரை விற்பவரை மட்டுமே பேசியதால், வாங்குபவர் எல்லாரும் ஏமாளிகள் என்று தோன்றியிருக்கலாம். காவிரிப்பூம்பட்டினத்து வணிகரைப் பற்றிச் சொல்லும் பட்டினப்பாலை, ‘கொள்வதூஉம் மிகை கொளாது கொடுப்பதூஉம் குறை கொடாது’ என்று இரண்டு பக்கத்தையும் ஒரே மூச்சில் சொல்கிறது. அதிலும் கொள்வதை முதலில் வைக்கிறது. குறைத்துக் கொடுப்பவரை நாம் உடனே குற்றவாளி என்போம். மிகுத்துக் கொள்பவரைச் சாமர்த்தியசாலி என்போம்.

மிகுத்துக் கொள்வதன் பெரிய அடி விழுவது விவசாயியின்மீது. மூட்டைக்குச் சாக்கு எடை என்று கழிப்பதில் நியாயம் இருக்கிறது. சாக்கு எவ்வளவோ அவ்வளவு கழித்தால் போதும். அதற்குமேல் ஈரம், தூசி, வழக்கம் என்ற பெயர்களில் ஒரு பிடி கூடுதலாகக் கழிப்பதும், கூடுதலாகக் கொட்டச் சொல்வதும் நடக்கும்போது, மூட்டைகளை ஏற்றி இறக்கிக் களைத்து நிற்கும் மனிதர் அதைத் தகராறு செய்ய முடியாமல் தலையாட்டுகிறார். அவர் மறுத்தால் மூட்டைகளைத் திரும்ப ஏற்ற வேண்டும். வண்டி வாடகை இரட்டிப்பாகும். 1999இல் மதுரையில் தொடங்கிய உழவர் சந்தைகளில் விவசாயிகளுக்குத் தராசைக் கட்டணம் இல்லாமல் கொடுத்ததும், அன்றைய விலையைப் பலகையில் எழுதிப் போட்டதும் சின்ன ஏற்பாடுகளாகத் தோன்றலாம். தராசு யார் கையில் இருக்கிறது என்பதே பாதி நியாயம் என்பதை உணர்ந்து செய்த ஏற்பாடுகள் அவை.

வீட்டு வாசலில் கீரை விற்க வரும் பாட்டியிடம் நடப்பதும் இந்தக் கணக்கில்தான் சேரும். கட்டு 20 ரூபாய் என்றால் 15க்குக் கேட்பது பேரம். அதில் தவறில்லை, அவர் மறுக்கலாம். எடுத்துக்கொண்டே இரண்டு தண்டை இன்னொரு கட்டிலிருந்து உருவிச் சேர்த்துக்கொள்வது பேரம் ஆகாது. பழக்கடையில் ருசி பார்க்க ஒரு திராட்சை கேட்டு வாங்குவதற்கும், பேசிக்கொண்டே ஆறு ஏழு திராட்சையைத் தின்றுவிட்டு வாங்காமல் போவதற்கும் உள்ள வேறுபாடும் அப்படிப்பட்டதுதான்.

கேட்பது குற்றமில்லை

நடைமுறையில் ஒருவர் செய்யக்கூடியவை அதிகம் இல்லை, ஆனால் எளியவை. தராசில் பொருளை வைக்குமுன் சுழியம் தெரிகிறதா என்று பாருங்கள். ஆண்டையும் காலாண்டையும் காட்டும் முத்திரையும், அதற்கான சான்றிதழும் கடையில் இருக்க வேண்டும். பொட்டலப் பொருளில் அச்சிட்ட அதிகபட்ச சில்லறை விலைக்குமேல் வாங்கக் கூடாது. நிகர எடை, தயாரித்த மாதம், தயாரிப்பாளர் முகவரி, புகார் தெரிவிக்கும் எண் ஆகியவையும் இருக்க வேண்டும். பொட்டலம் பழைய உருவத்திலேயே இருக்க, உள்ளே 100 கிராம் 85 கிராம் ஆகிவிடும் தந்திரத்தைக் கண்டுகொள்ள, ஒரு கிராமுக்கோ ஒரு கிலோவுக்கோ என்ன விலை என்பதையும் அச்சிட வேண்டும் என்று 2021இல் விதி திருத்தப்பட்டது. விலையை மட்டும் பார்க்காமல் அந்த எண்ணைப் பாருங்கள். எண்ணெய் வாங்கும்போது லிட்டர் விலையா கிலோ விலையா என்று கேளுங்கள். ஒரு லிட்டர் எண்ணெய் ஏறத்தாழ 910 கிராம்தான் இருக்கும் என்பதால், ஒன்றின் விலையில் மற்றொன்றைக் கொடுப்பது 90 கிராம் வேறுபாடு. கல் பதித்த நகையில் கல்லின் எடையைத் தனியாகக் காட்டச் சொல்லுங்கள். தங்கத்தின் விலையில் கண்ணாடிக் கல்லை வாங்க வேண்டியதில்லை. குறை இருந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

கேட்பதற்கு நாம் கூச்சப்படுகிறோம். “அண்ணாச்சி, டப்பாவை வெச்சு டேர் அழுத்திட்டு அப்புறம் போடுங்க” என்று சொன்னால், தம்மைத் திருடன் என்று நினைக்கிறார்கள் என்று அவர் எடுத்துக்கொள்வாரோ என்ற தயக்கம். நேர்மையான கடைக்காரர் அப்படி எடுத்துக்கொள்வதில்லை என்பதே நான் கண்டது. பலர் கேட்பதற்கு முன்பே தராசின் முகப்பை நம் பக்கம் திருப்பி வைக்கிறார்கள்; முள் நிற்கும்வரை கையைத் தூக்கிக்கொண்டு காத்திருக்கிறார்கள். கேட்கும் பழக்கம் அவர்களுக்கு ஆதாயம், ஏனென்றால் 37 ரூபாய்ப் பலகையை வைத்து அவர்களை விரட்டுகிறவரிடமும் அதே கேள்வி போய்ச் சேரும்.

கேள்வி வந்து சேர வேண்டிய இடங்களுள் நம் கைப்பேசியும் ஒன்று. யுபிஐ வந்தபின் தேநீர்க் கடையிலும் பூக்கடையிலும் சில்லறைத் தகராறு பெருமளவு குறைந்தது. அதன் கூடவே, பணம் அனுப்பாமல் பழைய பரிவர்த்தனையின் படத்தையோ பொய்யாக உருவாக்கிய திரையையோ காட்டிவிட்டு நகரும் வழக்கமும் வந்தது. கொதிக்கும் பாலுக்கும் நான்கு வாடிக்கையாளர்களுக்கும் நடுவே நிற்கிறவர், ஒவ்வொரு 12 ரூபாய்க்கும் தன் கைப்பேசியை எடுத்துப் பார்க்க முடியாது. ஆகவே பணம் வந்ததைக் குரலில் அறிவிக்கும் சிறிய ஒலிப்பெட்டி கடைகளில் வந்து அமர்ந்தது. பல கடைகள் அதற்கு மாத வாடகை செலுத்துகின்றன. எத்தனை பேர் ஏமாற்றினார்கள் என்று கடைக்காரருக்குத் தெரியாது. வாடகை மட்டும் ஒழுங்காகக் கழிகிறது, அது தேநீர் விலையில் எந்த 50 காசாக ஏறியிருக்கிறது என்பது சரியாகப் பணம் அனுப்புகிறவர்களுக்கும் தெரியாது.